மீதிப் பன்னிரண்டு வரிகள்

சாவியைப் போட்டதும் பூட்டு வழுக்கிக்கொண்டு திறந்தது. பத்து நாள் குறைய ஒரு வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்த பூட்டு. கொஞ்சம் மல்லுக்கட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எண்ணெய் விட்டிருக்காரு," என்றான் தம்பி பின்னாலிருந்து. இரண்டு கையிலும் பை.

"பட்டியல்ல ரெண்டாவது வரி," என்றாள் அவள்.

அம்மா முட்டிவலிக்காரி, காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றுவிட்டாள். கதவு திறந்ததும் மூவரும் உள்ளே போகாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உள்ளே ஏதோ சத்தம். எலியில்லை. சீரான சத்தம்.

கூடத்துச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் செல்போனைப் பார்த்தாள். கடிகாரம் பதினொரு நிமிடம் பின்தங்கியிருந்தது. ஆளில்லாத வீட்டில், இருட்டில், ஈரத்தில், யாருக்காகவோ ஒரு வருடம் ஓடியிருக்கிறது. கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது இருபத்தொன்பதாவது வரி. அப்பா அதுவரை போகவில்லை.

ஏரிக்கரை வீடு மூன்று குடும்பத்துக்குப் பொதுச்சொத்து. பெரியப்பா, அப்பா, அத்தை மூவரும் இளவயதில் சேர்ந்து வாங்கியது. வருடத்தில் ஏழு மாதம்தான் அங்கே தங்கலாம். மழை பிடித்தால் ஏரி படியேறிவிடும், பாதை சேறாகிவிடும். பெரியப்பாவுக்கு முதல் முறை, அத்தைக்கு நடு முறை, கடைசிப் பதினொரு நாள் அப்பாவுக்கு. நல்ல வெயில் காலத்தை விட்டுவிட்டுக் கடைசியை ஏன் கேட்டு வாங்கினார் என்று அம்மாவுக்குப் பல வருடம் குறை. காரணம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாகக் கிளம்புகிறவர்தான் வீட்டை ஐந்து மாதத்துக்கு மூட வேண்டும். அதை அண்ணனையும் தங்கையையும் நம்பிக் கொடுத்தால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. மூடியவரே மறுவருடம் வந்து திறக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். எதை எதை மூடினோம் என்பது மூடினவனுக்குத்தான் தெரியும் என்பார்.

அதனால் இந்த வருடம் யாரும் வரவில்லை. பெரியப்பா போனில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "அவன் மூடின வீட்டை நான் திறக்கமாட்டேம்மா. நீங்க உங்க முறைக்குப் போய்த் திறங்க, அப்புறம் பார்ப்போம்." அத்தையும் அதையே சொன்னாள், அழுகையோடு.

அவர் மூடிய வீடு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாதிதான் மூடினார் என்பது இந்த மூவருக்கும் அடுத்த வீட்டுப் படகுக்காரருக்கும் மட்டும் தெரியும்.

சமையலறைத் தொட்டியின் ஓரத்தில் அப்பாவின் டீ கிளாஸ் இருந்தது. அடியில் கறுப்பாகக் காய்ந்த வண்டல், விளிம்பில் வாய் வைத்த இடத்தில் ஒரு தடம். அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. பையை மாடியில் வைத்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். இறங்கி வரும்போது கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா குடத்துத் தண்ணீரில் கை அலம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! எதுக்கு அதைக் கழுவினே?"

"பின்னே? அப்படியே வச்சுக் கண்காட்சி நடத்தவா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஒரு கிளாஸ் கழுவ எனக்கு இன்ஜினியர்கிட்ட அனுமதி வேணுமா?" அம்மா திரும்பவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாடி, ஒன்பது மாடி அலுவலகக் கட்டடங்கள். உச்சி மாடிக்கு மேலே இருக்கும் இயந்திர அறையில் பாதி நாள், தரைக்குக் கீழே இருக்கும் அடிக்குழியில் மீதி நாள். நடுவிலுள்ள மாடிகளில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்பார். உலகமே அந்த நடுவில்தான் இருக்கிறது என்று அம்மா குத்துவாள்.

வேலையிடத்தில் அவருக்குப் பெயர் 'மூணுதடவை.' பழுது முடிந்து மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் மேலிருந்து கீழே குரல் கொடுப்பது வழக்கம்: "உள்ள யாராவது இருக்கீங்களா?" மற்றவர்கள் ஒருமுறை கூப்பிடுவார்கள். அப்பா மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து எண்ணுவார். மேலதிகாரி பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார். "உங்காளு அரை நாளைக் கூப்பிட்டே கழிச்சிடுவாருங்க," என்று கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்ததில்லை.

இருபத்து நான்கு வயதில் ஒருமுறைதான் கூப்பிட்டார். பதில் வரவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டார். அடிக்குழியில் ஒருவர் இருந்தார். பல்லுக்கு நடுவில் இரண்டு நட்டுகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவரால் வாய் திறக்க முடியவில்லை. துப்பிவிட்டுக் கத்துவதற்குள் பெட்டி இறங்கிவிட்டது. அந்த மனிதர் சுருண்டு படுத்து உயிர் தப்பினார். காலில் மூன்று விரல் போனது. அப்பா இதைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவிடம் சொன்னார். பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. "பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு எழுதிக்காதே," என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். ஏதோ பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

அந்தப் பழக்கமெல்லாம் ஏரி வீட்டுக்கும் வந்தது. ஒவ்வொரு சுவிட்சிலும், குழாய்த் திருகிலும், அலமாரிக் கதவிலும் சதுரச் சதுரமான எழுத்தில் ஒரு சீட்டு. 'மெதுவாக.' 'அரைச் சுற்று போதும்.' 'இந்த ஜன்னலை நம்பாதே.' மூடுவதற்கு முப்பத்து நான்கு வரியில் ஒரு பட்டியல். கம்பெனித் தாளில் செய்வதுபோல ஒவ்வொரு வரியும் முடிந்ததும் எதிரே ஒரு டிக், பக்கத்தில் மணி. முப்பத்து நான்காவது வரி: 'மூன்று முறை கூப்பிடு. பிறகு பூட்டு.'

சின்ன வயதில் அக்காவும் தம்பியும் காருக்குள் உட்கார்ந்து அதற்குத்தான் காத்திருப்பார்கள். காலியான வீட்டுக்குள் தலையை விட்டு அப்பா கத்துவார்: "உள்ள யாராவது இருக்கீங்களா?" தம்பி காரிலிருந்து கிழட்டுக் குரலில், "இருக்கேன்பா, வரமாட்டேன்!" என்பான். அப்பா திரும்பிப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்.

அவள் பெரிய தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிறாள். எந்த பேரிங் எப்போது உடையும் என்று வரைபடக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். பக்கத்தில் இருந்த மனிதரைச் சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் கிளம்பும் நாளில் தம்பி இல்லை. பஸ் ஓட்டுகிறவன், டியூட்டி என்று இரண்டு நாள் முன்பே போய்விட்டான். பத்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று அவள் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள். மூன்று மணிக்கு ஒரு கூட்டம். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு அப்பா வழக்கம்போல, "நீ வந்தா முப்பத்து நாலு அறுபத்தெட்டு ஆயிடும்," என்றார். அவளும் அம்மாவும் வெளிவாசலில் காரில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முன்னால், அம்மா பின் சீட்டில், கூடையின் மேல் காலை நீட்டிக்கொண்டு. ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தாள். ஹார்னை அழுத்தினாள். நீளமாக இரண்டு முறை.

சமையலறை ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. உள்ளங்கை விரிந்த கை.

அந்தக் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. படகைக் கரையேற்றும்போது அப்பா தண்ணீரில் நிற்பார்; பிள்ளைகள் மேலே இழுவைச் சக்கரத்தைச் சுற்றுவார்கள். காற்றில் குரல் கேட்காது. கைதான் பேச்சு. விரலைச் சுழற்றினால், சுற்று. முஷ்டி என்றால், பிடித்துக்கொள். உள்ளங்கை என்றால், நிறுத்து, இங்கே ஆள் இருக்கிறது. லிஃப்ட் வேலையில் கற்றது.

அவள் ஹார்னை நிறுத்தினாள். வருகிறார் போல என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டாள். பதினொன்று இருபதுக்கு எரிச்சலோடு இறங்கிப் போனாள். வீட்டுக்குள் இல்லை. ஏரிக்கு இறங்கும் நாற்பத்தாறு படிகளின் பாதியில் பம்ப் அறை. அங்கே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டியல் அட்டை. பென்சிலைச் சட்டைப் பையில் ஒழுங்காகச் செருகியிருந்தார்.

"பம்ப்பைத் தூக்கல," என்றார். "இன்னும் பன்னெண்டு இருக்கு."

அவள் மேலே பார்த்துக் கத்தினாள். படகுக்காரர் ஓடிவந்து தூக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அப்பா உயிரோடு இல்லை. வீட்டைப் படகுக்காரரே பூட்டி, படகைத் தன் கொட்டகையில் ஏற்றிப் போட்டு, சாவியைக் கொடுத்தனுப்பினார்.

அந்தக் கையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹார்னைப் பற்றியும். ஒரு வருடமாக அந்தக் கை அவள் கண்ணுக்கு முன்னால் எழுந்துகொண்டே இருந்தது. கணினித் திரையில், பஸ் கண்ணாடியில், பல் தேய்க்கும்போது. நிறுத்து என்றதா, வா என்றதா? அவசரப்படுத்தியதால்தான் நெஞ்சு நின்றதா? அளந்து பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. என்ன விடை வந்தாலும் சரி.

அதற்காகத்தான் வந்திருந்தாள். வீட்டைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாம் நாள் காலை பம்ப் அறைக்கு இறங்கினாள். மழைக்காலத்தில் தண்ணீர் அந்த வாசல்வரை வந்து போயிருந்தது, சுவரில் கோடு. ஏரிக்குள் விட்ட பம்ப் சேறு தின்று கிடந்தது. அட்டை அவள் போட்ட இடத்திலேயே தரையில் இருந்தது. ஒரு மூலையை எலி கொறித்திருந்தது. தாள் உப்பியிருந்தாலும் பென்சில் எழுத்து அப்படியே.

படியில் உட்கார்ந்து படித்தாள். அப்பா தினமும் காலை ஏழு மணிச் செய்திக்குக் கைக்கடிகாரத்தைத் திருத்துகிறவர். அவர் எழுதிய மணியை நம்பலாம்.

ஒன்றாவது வரி எட்டு ஐம்பது. அதிலிருந்து ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், ஐந்து நிமிடம். சீராக ஓடும் மோட்டார் போல. பதினேழாவது வரி, மெத்தைகளைக் கயிற்றில் தொங்கவிடுவது: பத்து பதினான்கு. பதினெட்டாவது, அலமாரியில் பூச்சி உருண்டை போடுவது. இரண்டு நிமிட வேலை. பத்து முப்பத்தொன்று.

அங்கே டிக்கின் சாய்வே மாறியிருந்தது.

அப்பா இடதுகைக்காரர். அவர் டிக் எப்போதும் ஒரு பக்கம் வழித்துக்கொண்டு போகும். பதினெட்டிலிருந்து எல்லாம் மறுபக்கம், நடுக்கத்தோடு, முதல் வகுப்புப் பிள்ளை போட்டதைப் போல. பென்சில் கை மாறியிருக்கிறது.

பத்தொன்பது: பத்து நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு இருபது இல்லை. ஒரு வரியைக்கூடத் தாண்டாத மனிதர் ஏழு வரியைத் தாண்டியிருந்தார். இருபத்தேழு, கேஸ் சிலிண்டரை மூடு: பத்து நாற்பத்தொன்பது. முப்பது, மெயின் சுவிட்ச்: பத்து ஐம்பத்து மூன்று. முப்பத்து மூன்று, படித்துறைக் கதவைப் பூட்டு: பதினொன்று எட்டு. அவ்வளவுதான்.

கேஸ், மின்சாரம், தண்ணீர். ஆளைக் கொல்லக்கூடிய மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். முடிக்க முடியாது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நாற்பத்தாறு படி இறங்கியிருக்கிறார்.

செல்போனில் போன வருடத்து அழைப்பைத் தேடி எடுத்தாள். ஆபீஸ் அழைப்பு முடிந்தது பத்து நாற்பத்தேழு. ஹார்ன், நாற்பத்தெட்டு. அதாவது அவர் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றபோது.

கீழே ஏரி சலனமில்லாமல் கிடந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். "சமையலறையில போய் சிலிண்டர் பக்கத்துல நில்லு. நான் கார்லேர்ந்து ஹார்ன் அடிச்சதும் கையைத் தூக்கு. முதல்ல இடது, அப்புறம் வலது."

"எதுக்கு? டாட்டா காட்டணுமா, ஆசீர்வாதம் பண்ணணுமா?"

"சொன்னதைச் செய்டா."

"பஸ்ஸுல கண்டக்டர் படுத்தற பாடு போதாதுன்னு லீவுலயும் ஒரு கண்டக்டர்," என்று முனகிக்கொண்டே போனான்.

காரைப் போன வருடம் நின்ற இடத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஒரு கார்தான் நிற்க முடியும். முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஹார்னில் கை வைக்க ஒரு நிமிடம் பிடித்தது. அழுத்தினாள்.

ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. தம்பி இடது கையைத் தூக்கியிருக்க வேண்டும், அலமாரி மறைத்தது. மறுபடி அழுத்தினாள். கை எழுந்தது. விரிந்த உள்ளங்கை. அதே கண்ணாடி, அதே உயரம். அது தம்பியின் கை என்று தெரிந்தும் காரை விட்டு இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது.

பின்கதவு திறந்தது. அம்மா ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, காலை நீட்டினாள். கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஹார்ன்?" ஜன்னலில் இன்னும் அந்தக் கை இறங்கவில்லை. சொன்ன வேலையை முழுதாகச் செய்கிற பையன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் பார்த்தேன், அன்னைக்கு."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே பார்த்தாள்.

"ஹார்ன் அடிடின்னு சொன்னதே நான்தானே. 'அடி, அப்பத்தான் உங்கப்பா வருவாரு'ன்னு. மறந்துட்டியா?"

மறந்துவிட்டிருந்தாள். ஒரு வருடமாக அந்தக் காட்சியில் அம்மாவின் குரலே இல்லை. ஹார்ன் மட்டும்தான் இருந்தது.

"நீ அடிச்சே. கை வந்துது. வலது கை." அம்மா முட்டியைத் தடவிக்கொண்டாள். "முப்பத்தாறு வருஷம் அந்த மனுஷன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன். சோறு சாப்பிடக்கூட வலது கைன்னா ரெண்டு தடவை யோசிப்பாரு. வலது கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்ல. என்னவோ மாதிரி இருந்துது. ஆனா இறங்கல. முட்டி வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டேன். உனக்குத் தெரியலடி. எனக்குத் தெரிஞ்சுது."

தம்பி ஜன்னலிலிருந்து கத்தினான்: "அக்கா, கை மரத்துப்போச்சு! இறக்கலாமா?"



"அம்மா, வலி ஹார்னுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு," என்றாள். "பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவுல. தாள்ல இருக்கு. மெத்தையைத் தூக்கினதுக்கு அப்புறம் கை மாத்தி எழுதியிருக்காரு. ஹார்ன் அடிச்சது பத்து நாப்பத்தெட்டுக்கு. ஹார்னால வந்தது இல்ல."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. பத்தேகாலுக்கு வந்துது. பத்து நாப்பத்தெட்டுக்குக் கையைக் காட்டினாரு. பதினொண்ணு இருபதுக்குத்தானே நீ இறங்கினே? நடுவுல நான் கூடையிலேர்ந்து பிஸ்கட் எடுத்துத் தின்னேன். அதையும் எழுதிக்கோ."

அவளிடம் அதற்கு அளவு எதுவும் இல்லை. பின் சீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி வெளியே வந்து, இருவரும் அழுவதைப் பார்த்து, விளையாட்டுக்குக் கையைத் தூக்கியவன் அதைப் பாதியில் இறக்கிக்கொண்டான். பட்டியலை அவனிடம் நீட்டினாள். படித்தான். நின்றபடியே இரண்டு முறை படித்தான். தன் வலது உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"கூப்பிட்டிருக்கலாமே," என்றான். "ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. ஊரையே மூணு தடவை கூப்பிடற ஆளு."



மீதி நாட்களை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பி பம்ப்பைப் பிரித்துச் சேறு கழுவினான். ஆறாம் நாள் அது செருமிக்கொண்டு தண்ணீர் துப்பியது. படகுக்காரர் படகை இறக்கிக் கொடுத்தார். அம்மா மீன் வறுத்தாள். நான்கு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள்; மறுநாளும் நான்கு எடுத்தாள். சீட்டுகள் எல்லா இடத்திலிருந்தும் பேசின. குழாயைத் திறக்கப் போனால், 'அரைச் சுற்று போதும்.' மாடிப்படியில், 'தலை.' ஒரு நாள் மத்தியானம் அம்மா மாடி ஜன்னலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்: "நம்பாதேன்னு எழுதினா ஆச்சா? சரிபண்ணத் தெரியாது?" அவள் கீழிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள், நடுவில் யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போல.

கடிகாரத்தை யாரும் திருத்தவில்லை. பதினொரு நிமிடம் பின்னாலேயே ஓடியது.

கிளம்பும் நாள் காலையில் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அடுத்த வருடங்களுக்கென்று அப்பா நகல் எடுத்து வைத்த பட்டியல்கள் ஒன்பது இருந்தன, தேதி மட்டும் காலியாக. ஒன்றை உருவினாள்.

"அது வேணாம்," என்றாள் அம்மா. "முதல்ல அதை முடிங்க." எலி கொறித்த தாளைக் காட்டினாள்.

"அம்மா, அது போன வருஷத்துது."

"பாதியில நிக்குதில்ல?"

புதுத் தாளில் இருபத்திரண்டு வரி செய்தார்கள். பழைய தாளில் மீதிப் பன்னிரண்டு. அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வரியை வாசித்தாள், பிள்ளைகள் செய்தார்கள், முடிந்ததும் அம்மா டிக் போட்டு மணி கேட்டு எழுதினாள். பம்ப்பைக் கழற்றி இருவருமாகத் தூக்கிக்கொண்டு படியேறியபோது, இதையா அறுபத்தாறு வயதில் ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்தார் என்று தம்பி திட்டிக்கொண்டே வந்தான். படகை இழுக்கும்போது அவன் தண்ணீரில் நின்றான், அவள் சக்கரத்தில். அவன் விரலைச் சுழற்றினான். முஷ்டி காட்டினான். படகு படியில் இடித்தபோது உள்ளங்கையை விரிக்க வேண்டும். விரிக்கவில்லை. "நிறுத்துக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

இருபத்தொன்பதாவது வரிக்கு அவள் ஸ்டூலில் ஏறினாள். கடிகாரத்தை இறக்கிப் பேட்டரியைக் கழற்றினாள். கூடம் திடீரென்று பெரிதானது. மூவருக்கும் அது தெரிந்தது.

கடைசியில் வாசலில் நின்றார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே திரை போட்ட இருட்டு. கயிற்றில் மெத்தைகள் ஆள் தொங்குவது போல அசையாமல்.

"முப்பத்து நாலு," என்றாள் அம்மா.

அவள்தான் முதலில் கூப்பிட்டாள். "உள்ள யாராவது இருக்கீங்களா?" குரல் மாடிவரை போய்த் திரும்பியது. பத்து எண்ணினாள். ஏழில் மேலே எங்கோ மரம் முறிவது போல ஒரு சத்தம் வந்தது. வெயில் ஏறும்போது வீடு போடும் சத்தம்தான். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் எட்டு சொல்வதற்கு நேரமானது.

இரண்டாவது முறை தம்பி. காரிலிருந்து கிழட்டுக் குரல் கொடுத்தவன், "உள்ள யாராவது..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல், முதலிலிருந்து சொன்னான். பத்து எண்ணினான்.

மூன்றாவது முறைக்கு அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி உள்ளே வைத்தாள்.

"என்னங்க," என்றாள். கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடும் அளவுக்குத்தான். "உள்ள இருக்கீங்களா?"

மூவரும் காத்திருந்தார்கள். யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. அவள் மனதுக்குள் பத்து வந்தது. பதினைந்து வந்தது. அம்மா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முப்பதுக்கு மேல் மகள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கடைசியில் அம்மா பின்வாங்கிக் கதவைச் சாத்தினாள். பூட்டு சத்தமில்லாமல் விழுந்தது. தம்பி இழுத்துப் பார்த்தான்.

"மணி?" என்றாள் அம்மா.

"பதினொண்ணு இருபத்தாறு."

அம்மா அட்டையை முழங்கையில் முட்டுக்கொடுத்து மணியை எழுதினாள். டிக் போடவில்லை. பென்சிலை மகளிடம் நீட்டினாள். அவள் வாங்கி, வரியைப் பார்த்தாள், பூட்டிய கதவைப் பார்த்தாள், தம்பியிடம் கொடுத்தாள். அவன் அதைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"அடுத்த வருஷம் நாமதான் வந்து திறக்கணும்," என்றான்.

"மூடினவங்கதானே," என்றாள் அம்மா. காரை நோக்கி நடந்தாள். இந்த முறை முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.